இங்கிலாந்தின் தண்ணீர்க் கம்பெனிகளிடம் கணக்குக் கேட்பது எப்படி?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுத்திகரித்துக் குழாயில் விடுகிற தண்ணீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வீடு வந்து சேர்வதில்லை. நாளொன்றுக்குச் சுமார் 300 கோடி லிட்டர் மண்ணுக்குள் போகிறது. 1989-இல் தனியார்மயமானபோது இந்தக் கம்பெனிகளின் பழைய கடனை அரசே தள்ளுபடி செய்து, கையில் கொஞ்சம் பணமும் கொடுத்து அனுப்பியது. இன்று தேம்ஸ் வாட்டர் ஒன்றின் கடன் மட்டுமே 1,700 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. கோபம் வருவது இயல்புதான். ஆனால் "தண்ணீர் வீணாகிறது, முதலாளிகள் கொழுக்கிறார்கள்" என்று எழுதினால் அச்சடித்த மன்னிப்புக் கடிதம்தான் பதிலாக வரும். எந்த எண்ணை, எந்த விதியைக் காட்டி, யாரிடம் கேட்பது என்று தெரிந்திருந்தால் அப்படித் தட்டிக்கழிக்க முடியாது.

முதலில் கசிவு எண். அதை யாரும் அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். ஊரைச் சில நூறு முதல் சில ஆயிரம் வீடுகள் கொண்ட சிறு வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டத்தின் நுழைவாயிலிலும் ஒரு மீட்டர் வைத்திருப்பார்கள். ஊர் உறங்கும் அதிகாலை 3 முதல் 4 மணிக்குள் எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது என்று பார்ப்பார்கள். அதிலிருந்து, அந்த நேரத்திலும் வீடுகள் நியாயமாகச் செலவழித்திருக்கும் அளவைக் கழித்தால் மிச்சம் கசிவு.

ஒரு மாதிரிக் கணக்கு. 1,000 வீடுகள் உள்ள வட்டத்தில் அதிகாலை வரத்து நொடிக்கு 2 லிட்டர், அதாவது மணிக்கு 7,200 லிட்டர். வீட்டுக்கு மணிக்கு 2 லிட்டர் இரவுச் செலவு என்று வைத்தால் 2,000 போக 5,200 மிச்சம். இரவில் குழாயில் அழுத்தம் கூடுதல் என்பதால் இதை 24-ஆல் பெருக்காமல், உதாரணத்துக்கு 22-ஆல் பெருக்குவோம். ஒரு நாள் கசிவு 1,14,400 லிட்டர். இப்போது அந்த 2 லிட்டரை மட்டும் 3 என்று மாற்றுங்கள். கசிவு 92,400 லிட்டராக இறங்கிவிடும். ஒரு குழியும் தோண்டவில்லை, ஒரு குழாயும் மாற்றவில்லை, கசிவு 19 சதவீதம் குறைந்துவிட்டது!

இதனால்தான் "கசிவைக் குறைத்துவிட்டோம்" என்று கம்பெனி அறிவிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, "கணக்குப்போடும் முறையை இந்த ஆண்டு மாற்றினீர்களா?" என்பது. மீட்டர் இல்லாத வீடுகளின் செலவும் மதிப்பீடுதான் என்பதால், கசிவுக் கணக்கில் இருப்பதைத் தலைக்கு இவ்வளவு செலவு என்ற கணக்குக்குத் தள்ளிவிட இடம் இருக்கிறது. இது வெறும் சந்தேகம் அல்ல. ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்வாட்டுக்குப் பொய்யான கசிவு விவரம் கொடுத்த குற்றத்துக்காக 2008-இல் செவர்ன் ட்ரென்ட் கம்பெனிக்கு லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றம் 20 லட்சம் பவுண்ட் அபராதம் விதித்தது.

இன்னொன்று, கம்பெனி கசிவு இலக்கை எட்டியதா என்பதை ஒரே ஆண்டின் எண்ணை வைத்துப் பார்ப்பதில்லை. மூன்றாண்டுச் சராசரியைத்தான் பார்க்கிறார்கள். ஒரு ஆண்டு மோசமாகப் போனாலும் முந்தைய இரண்டு ஆண்டுகள் அதை மூடி மறைத்துவிடும். கம்பெனிகள் ஒவ்வொரு கோடையிலும் வெளியிடும் ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கையின் அட்டவணைகளில் அந்தந்த ஆண்டின் தனி எண் இருக்கும். அலகு நாளொன்றுக்கு மெகாலிட்டர், ஒரு மெகாலிட்டர் பத்து லட்சம் லிட்டர். முன்னுரையில் சிரிக்கும் படங்களோடு வருகிற சதவீதத்தை விட்டுவிட்டு இந்த எண்ணைப் பாருங்கள்.

நியாயத்துக்குக் கம்பெனிகளின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். லண்டனில் பல குழாய்கள் விக்டோரியா காலத்து வார்ப்பிரும்பு. களிமண் கோடையில் சுருங்கி, மழையில் உப்பி, இணைப்புகளைப் பிடுங்கிவிடும். அதெல்லாம் உண்மை. ஆனால் இந்த மண்ணும் இந்தக் குழாய்களும் 1989-இலும் அங்கேதான் இருந்தன. "இதற்கு மேல் பழுதுபார்த்தால் மிச்சமாகும் தண்ணீரைவிடச் செலவு அதிகம்" என்ற வாதமும் பொதுவான சமாதானமாக வரும்போது ஏற்கத்தக்கதல்ல. எந்த விலைக்கு, எந்தக் குழாய்க்கு என்று எழுத்தில் கேளுங்கள். குழாயை மாற்றாமலே, அழுத்தம் குறைக்கும் வால்வு வைத்து இரவுக் கசிவைக் கணிசமாகக் குறைக்க முடியும் என்பதை அந்த வாதத்தில் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள்.

உங்கள் தெருவில் தண்ணீர் ஓடுகிறது என்று வையுங்கள். புகார் செய்யும்போது குறிப்பு எண்ணை வாங்காமல் விடாதீர்கள். நேரம் தெரியும்படி படம் எடுங்கள். ஒரு வாரம் கழித்து "சாலையைத் தோண்டக் கவுன்சில் அனுமதி வரவில்லை" என்பார்கள். அவசரப் பணி என்றால் முதலில் தோண்டிவிட்டு, தொடங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதுதான் விதி. ஆகவே அந்தக் கசிவை அவசரம் என்று வகைப்படுத்தினார்களா, இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

அடுத்த கருவியைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. தகவல் சுதந்திரச் சட்டம் தனியார் தண்ணீர்க் கம்பெனிகளுக்குப் பொருந்தாது. ஆனால் 2004-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தகவல் விதிகள் பொருந்தும். மீன்வளப் பாதுகாப்பு அமைப்பான ஃபிஷ் லீகல் தொடர்ந்த வழக்கில் 2013-இல் ஐரோப்பிய நீதிமன்றமும் 2015-இல் பிரிட்டனின் மேல் தீர்ப்பாயமும் அதற்கு வழி திறந்துவிட்டன. மின்னஞ்சல் போதும், 20 வேலைநாளில் பதில் தர வேண்டும். கேள்வியைக் குறுகலாக வையுங்கள்: "என் அஞ்சல் குறியீடு அடங்கும் மீட்டர் வட்டத்தில் கடந்த மூன்று ஆண்டுகளின் மாதச் சராசரிக் குறைந்தபட்ச இரவு வரத்து, அதே காலத்தில் பதிவான கசிவுகள், ஒவ்வொன்றும் புகாரான, பார்வையிட்ட, சரிசெய்த தேதிகள்." குழாய் வரைபடம் கேட்காதீர்கள். பாதுகாப்புக் காரணம் சொல்லி மொத்தத்தையும் மறுக்க அதுவே சாக்காகிவிடும். மறுத்தால் 40 வேலைநாளுக்குள் உள்மறுஆய்வு கேளுங்கள், அதன் பிறகு தகவல் ஆணையரிடம் போகலாம்.

இதே வழியில் சம்பளத்தைக் கேட்டால் "அது சுற்றுச்சூழல் தகவல் அல்ல" என்று பதில் வரும். அதற்கு ஆண்டறிக்கையில் ஊதியக் குழு எழுதும் பகுதிக்குப் போக வேண்டும். அடிப்படைச் சம்பளத்தைப் பார்த்து நின்றுவிடாமல் மொத்த ஊதியம் என்ற ஒற்றை எண்ணைப் பாருங்கள். பிறகு போனஸ் மதிப்பெண் பட்டியல். அதில் கசிவுக்கு எத்தனை மதிப்பெண், லாபத்துக்கும் பணவரவுக்கும் எத்தனை என்று ஒப்பிட்டால், நிர்வாகம் எதற்காக ஓடுகிறது என்பது பத்து நிமிடத்தில் விளங்கும்.

2025-இல் வந்த தண்ணீர்ச் சிறப்பு நடவடிக்கைச் சட்டத்தின் கீழ் அந்த ஜூன் மாதம் தேம்ஸ், யார்க்‌ஷயர், ஆங்கிலியன், வெஸ்ஸெக்ஸ், யுனைடெட் யுடிலிட்டீஸ், சதர்ன் ஆகிய ஆறு கம்பெனிகளின் உயர்மட்டத் தலைவர்களுக்கு போனஸ் தடை வந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்தத் தடையை வரவழைப்பவை கடும் மாசு, குற்றத் தீர்ப்பு, நிதி நிலை போன்ற காரணங்கள். கசிவு இலக்கைத் தவறவிட்டது மட்டுமே காரணமாகி போனஸ் நின்றுவிடாது. தடை செயல்திறன் ஊதியத்தைத்தான் தொடும், அடிப்படைச் சம்பளத்தை ஏற்றினால் அதைத் தொடாது. தாய்க் கம்பெனி வழியாகப் போகிற பணமும் எளிதில் கண்ணில் படாது. யார்க்‌ஷயர் வாட்டரின் தலைமை அதிகாரிக்குத் தாய்க் கம்பெனியான கெல்டா ஹோல்டிங்ஸ் இரண்டு ஆண்டுகளில் 13 லட்சம் பவுண்ட் கொடுத்தது 2025 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. எனவே தண்ணீர்க் கம்பெனியின் அறிக்கையோடு நிற்காமல், கம்பெனிகள் பதிவகத்தின் (Companies House) இணையதளத்தில் அதற்கு மேலே உள்ள, அங்கே பதிவான ஒவ்வொரு கம்பெனியின் கணக்கையும் இலவசமாக இறக்கி, இயக்குநர் ஊதியம் என்ற குறிப்பைத் தேடுங்கள். அலுப்பான வேலைதான், பத்திரிகையாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

கேள்வி கேட்பதற்கு முன் நம் வீட்டுப் பக்கமும் பார்த்துவிடுவது நல்லது. எல்லைக்குள் இருக்கும் குழாய் வீட்டுக்காரருடையது, ஆனால் அதில் கசிவதும் கம்பெனியின் மொத்தக் கசிவுக் கணக்கில் சேரும். சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருக்கும் அடைப்பு வால்வை மூடிவிட்டு, வெளி மீட்டரின் சிவப்பு இலக்கங்களை அரை மணி நேரம் கவனியுங்கள். நகர்ந்தால் மீட்டருக்கும் வீட்டுக்கும் நடுவில் மண்ணுக்குள் கசிகிறது. வால்வைத் திறந்து, குழாய் எதையும் தொடாமல் இருக்கும்போது மட்டும் நகர்ந்தால் கசிவு வீட்டுக்குள். பெரும்பாலும் கழிப்பறைத் தொட்டிதான். அதில் சமையல் நிறம் சில சொட்டு விட்டு, அரை மணி கழித்துக் கோப்பையில் நிறம் தெரிகிறதா பாருங்கள். மண்ணுக்குள் கசிந்ததால் பில் எகிறியிருந்தால், முதல் தடவைக்குக் கசிவுச் சலுகை கேட்கலாம். சரிசெய்த ரசீதும் முன்பின் மீட்டர் அளவுகளும் வேண்டும். வாடகை வீடு என்றால் பழுது வீட்டுக்காரர் பொறுப்பு, ஆனால் பில் உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே அவருக்கு அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.

எழுத்துமூலப் புகாருக்குப் பத்து வேலைநாளில் முறையான பதில் வராவிட்டால் கம்பெனி உங்களுக்கு 40 பவுண்ட் தர வேண்டும். 2025 ஜூலையில் இந்தத் தொகையை இரட்டிப்பாக்கினார்கள். கம்பெனியின் பதிலில் திருப்தி இல்லையென்றால் தண்ணீர் நுகர்வோர் மன்றம், அங்கும் முடியாவிட்டால் தண்ணீர்த் தீர்வு நடுவர் திட்டம். இந்த வரிசையை மீறி நேரே ஆஃப்வாட்டுக்கு எழுதினால் தனிப்பட்ட புகாரைத் திருப்பிவிடுவார்கள். லண்டனின் ஹாரோ போன்ற இடங்களில் குடிநீர் அஃபினிட்டி வாட்டரிடமிருந்தும் கழிவுநீர்ச் சேவை தேம்ஸிடமிருந்தும் வருகிறது. நம்மவர்கள் பலர் குடிநீர்க் கசிவுக்குத் தேம்ஸைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். பில்லை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

2025 ஜூலையில் ஜான் கன்லிஃப் தலைமையிலான ஆணையம் 88 பரிந்துரைகள் தந்ததும், ஆஃப்வாட்டைக் கலைத்துப் புதிய அமைப்பு கொண்டுவருவோம் என்று அரசு அறிவித்தது. புதிய அமைப்பு சட்டமாகி அமர்கிறவரை மேலே சொன்ன காலக்கெடுவும் முகவரிகளும் அப்படியேதான். புதிய ஆள் வரட்டும் என்று புகாரை மேசையில் வைத்துக் காத்திருக்க வேண்டாம்.