‘அந்தக் காலத்து ஹாக்கி’ என்று பெருமை பேசுபவர்களுக்கு

பழைய ஐஸ் ஹாக்கிச் சண்டைக் காட்சி ஒன்று கைப்பேசியில் வந்தால் போதும், "அப்போதெல்லாம் ஆட்டக்காரர்களே கணக்குத் தீர்த்துக்கொள்வார்கள், அதனால்தான் ஆட்டம் ஒழுங்காக நடந்தது" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். டொரான்டோவில் பிள்ளையை ரிங்க் எனும் பனித்தளத்துக்குக் கூட்டிப்போகும் நம் அப்பாக்களும் இதையே சொல்வதுதான் எரிச்சல்.

என்ன ஒழுங்கு? 1933 டிசம்பர் 12, பாஸ்டன் கார்டன் அரங்கம், பாஸ்டனும் டொரான்டோவும் ஆடுகின்றன. பாஸ்டன் ஆட்டக்காரர் எடி ஷோரைக் கீழே தள்ளியது ஒருவர். எழுந்த ஷோர் பின்னாலிருந்து மோதியதோ டொரான்டோவின் ஏஸ் பெய்லி என்ற வேறொருவரை. பனியில் தலை அடித்து பெய்லியின் மண்டை ஓடு உடைந்தது. உடனே பெய்லியின் அணித்தோழர் ரெட் ஹார்னர் விட்ட குத்தில் ஷோரும் சாய்ந்து மண்டையில் தையல் போட்டுக்கொண்டார். அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் பெய்லி பிழைத்தார். மறுபடி ஆடவே இல்லை. 1969 செப்டம்பரில் ஒட்டாவாவில் டெட் கிரீனும் வெய்ன் மாக்கியும் மட்டையாலேயே அடித்துக்கொண்டதில் கிரீனின் மண்டை உடைந்தது. அது சீசனுக்கு முந்தைய ஆட்டம், புள்ளிக்கணக்குகூடக் கிடையாது!

பழிவாங்க வருபவனுக்கு ஆளும் தெரியாது, அளவும் தெரியாது. அணிக்கு ஓர் அடியாள் இருந்தால் எதிரணி அடங்கும் என்றார்கள். எதிரணியும் ஓர் அடியாளைப் பிடித்துவந்தது. 1974–75 சீசனில் டேவ் ஷுல்ட்ஸ் என்ற அடியாள் ஒருவருக்கே 472 நிமிடத் தண்டனை, அதாவது அவ்வளவு நேரத்துக்கு விதிமீறல் கணக்கு. அடங்கியதா? அறுபதுகளில் இதே வேலை பார்த்த ரெஜி ஃபிளெமிங் 2009இல் இறந்தபின் மூளையைப் பரிசோதித்தார்கள். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சிடிஇ எனும் மூளைச் சிதைவு இருந்தது. ஹாக்கி ஆட்டக்காரர் ஒருவரிடம் அது உறுதியானது அப்போதுதான் முதல்முறை.

ஹெல்மெட்? 1968இல் பில் மாஸ்டர்டன் என்ற ஆட்டக்காரர் ஹெல்மெட் இல்லாமல் பின்பக்கம் விழுந்து இரண்டே நாளில் இறந்தார். அதற்குப் பிறகும் வட அமெரிக்காவின் தொழில்முறை ஹாக்கி லீகான என்ஹெச்எல் 1979இல்தான், அதுவும் புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும், அதைக் கட்டாயமாக்கியது. ஆனால் ஹெல்மெட் காப்பது மண்டை ஓட்டை. உள்ளே மூளை குலுங்குவதை அது நிறுத்தாது.

ஆகவே உங்கள் பிள்ளைக்குத் தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. "நல்லாத்தான் இருக்கேன்" என்று பிள்ளை சொன்னாலும் மறுபடி ஆட அனுப்பாதீர்கள். மயக்கம் தெளிய அமோனியா முகரவைத்து அனுப்பிய காலம் போய்விட்டது. கழுத்து வலித்தால் ஹெல்மெட்டைக் கழற்றாமல், ஆளை அசைக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிவது, இதில் ஒன்று வந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்கு. மருத்துவர் சொல்லாமல் ஐபுப்ரோஃபெனோ ஆஸ்பிரினோ கொடுக்கவே கொடுக்காதீர்கள். தயவுசெய்து, யார் அடித்தது என்ற விசாரணையை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.