கரடியின் முதுகில் ஒரு கைத்தையல்

கரடி பொம்மையின் கண்ணைப் பிடித்து இழுப்பது என் வேலை. கேலிக்குச் சொல்லவில்லை, மாதம் பிறந்தால் அதற்குத்தான் சம்பளம். கண்ணில் ஒரு கவ்வியை மாட்டி, ஐரோப்பாவின் இஎன் 71 தரவிதி சொல்கிற 90 நியூட்டன் விசையில் பத்து விநாடி இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒன்பது கிலோ அரிசிப் பையை அந்தக் கண்ணில் கட்டித் தொங்கவிட்டால் எப்படியோ அப்படி. கண் அசையலாம், கழன்று வரக் கூடாது. வந்தால் அது என்றைக்காவது ஒரு குழந்தையின் தொண்டையில் போய் நிற்கும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் தொடங்கியவன் நான். அப்புறம் ஏற்றுமதிச் சரக்கைச் சோதிக்கும் நிறுவனம் ஒன்றின் ஆளாகச் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில், டோங்குவான் வட்டாரத்தில் சில வருஷம் ஓடினேன். இப்போது சென்னை. பொம்மை பற்றிப் பேச்சு வந்தால் நண்பர்கள் கேட்பது இதுதான்: சாயம் சரியா, குழந்தை வாயில் வைத்தால் ஒன்றும் ஆகாதே? கேட்க வேண்டிய கேள்விதான். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட "இதை யார் தைக்கிறார்கள்?" என்று கேட்டதில்லை. ஏதோ மெஷினின் ஒரு பக்கம் துணியைப் போட்டால் மறுபக்கம் கரடி வந்து விழும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்படி ஒரு மெஷினை நான் எந்த ஆலையிலும் பார்த்ததில்லை. ஒரு சாண் உயரக் கரடிக்கே இருபது, முப்பது துணித்துண்டுகள் வேண்டும். முடி வைத்த துணிக்குத் திசை உண்டு. பூனையின் முதுகு மாதிரி, ஒரு பக்கம் தடவினால் படியும், எதிர்ப்பக்கம் தடவினால் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். வயிற்றுத் துண்டை மாற்றி வெட்டிவிட்டால் கரடிக்கு வயிற்றில் மட்டும் குளிர் எடுத்தது போலிருக்கும். பனியன் துணி மாதிரி நூறு அடுக்கு விரித்து வெட்டவும் முடியாது, முடி வழுக்கி அடுக்கு நகர்ந்துவிடும். சில அடுக்குகளை மட்டும் வைத்து, பிஸ்கட் அச்சு போன்ற இரும்பு அச்சைப் பிரஸ்ஸில் அழுத்தி வெட்டுவார்கள். வசதியுள்ள ஆலைகளில் லேசர் வந்துவிட்டது. வெட்டிய துண்டுகளைக் கட்டுக்கட்டாக நம்பர் போட்டுத் தையல் லைனுக்கு அனுப்புவார்கள்.

தையல், உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி நடக்கும். பனியனுக்குத் தோள், பக்கம் என்று நேர்த்தையல் நிறைய உண்டு. கரடிக்கு நேர்கோடே கிடையாது. காது வளைவு, கன்ன வளைவு, பாத வளைவு. இடது கை விரல் முடியை உள்ளே தள்ளிக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் முடி தையலுக்குள் மாட்டிக்கொண்டு வெளிப்பக்கம் வழுக்கைக் கோடு விழும். பிளாஸ்டிக் கண் என்றால் பின்னால் வாஷர் வைத்து அழுத்திப் பூட்டுவார்கள். மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கானது என்றால் கண்ணை நூலாலேயே எம்பிராய்டரி போட்டுவிடுவது நல்லது. இழுத்து எடுக்க அங்கே எதுவும் இருக்காது.

அடுத்தது புரட்டுகிற வேலை. தைத்த கரடித் தோலில் உள்ளே போயிருக்கும் முடிப்பக்கத்தை வெளியே கொண்டுவர வேண்டும். உடம்பு சுலபம். பேனா தடிமனுள்ள ஒரு குரங்கின் வாலைப் புரட்டிப் பாருங்கள், தெரியும். ஒரு குச்சி, அப்புறம் கட்டைவிரல். நாள் பூராவும் அதே அசைவு. புரட்டும் மேசையில் இருக்கும் பெண்களின் மணிக்கட்டில் பெரும்பாலும் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கும், மருந்து வாசனையை வைத்தே அந்த மேசையைக் கண்டுபிடிக்கலாம்.

பஞ்சு அடைக்கும் அறைதான் எனக்குப் பிடிக்காத இடம். பஞ்சு என்று நாம் சொல்கிறோமே ஒழிய, அது பாலியெஸ்டர் இழை. பெரிய டிரம் ஒன்று அதைப் பிய்த்துக் குழாய் வழியாகக் காற்றோடு தள்ளும். குழாயின் மூக்கில் கரடித் தோலின் முதுகு ஓட்டையை மாட்டி, காலால் பெடலை அழுத்தினால் புஸ் என்று ஒரு கை உப்பும், இன்னொரு அழுத்தில் ஒரு கால். ஒவ்வொன்றையும் தராசில் வைத்து கிராம் கணக்குப் பார்ப்பார்கள். தூசியை இழுக்கும் விசிறி சரியாக இருந்தால் பரவாயில்லை. இல்லாத இடங்களில் அந்த அறைப் பெண்களுக்குச் சாயங்காலம் புருவமெல்லாம் வெள்ளையாகிவிடும். குவாங்டாங்கின் ஜூலைப் புழுக்கத்தில் மின்விசிறியையும் நிறுத்தியிருப்பார்கள், போட்டால் இழை பறக்குமே. மெல்லிய துணி மாஸ்க் ஒன்று கொடுப்பார்கள். அது தூசிக்கா, தணிக்கைக்காரர்கள் எடுக்கும் போட்டோவுக்கா என்று எனக்குச் சந்தேகம்.

கடைசியில் முதுகை மூட வேண்டும். இதற்கு மெஷின் உதவாது. வளைந்த ஊசியும் நூலுமாக, ஏணிப்படி போல் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வந்து, இழுத்தால் தையலே மறைந்துவிடும். முடிச்சை உள்ளே புதைத்து, சீப்பால் முடியை வாரிவிட்டால் வேலை முடிந்தது. நீங்கள் வாங்கும் பஞ்சு பொம்மைகளில் பெரும்பாலானவற்றின் முதுகை ஒருவர் தன் கையால் மூடியிருக்கிறார்.

நான் போன ஒரு ஆலையின் கைத்தையல் மேசையில் இடதுகைக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். எல்லாரும் வால் பக்கம் தொடங்கிக் கழுத்துப் பக்கம் முடிச்சுப் போட, அவள் முடிச்சு மட்டும் வால் பக்கம் வரும். வந்த புதிது, சும்மா இருக்காமல் "முடிச்சு ஒரே சீராக இல்லை" என்று குறிப்பு எழுதிவிட்டேன். அன்று மத்தியானம் சூப்பர்வைசர் அவள் தலைமாட்டில் நின்று கத்துவதைப் பார்த்தேன். மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது. முடிச்சு எந்தப் பக்கம் வந்தாலும் 70 நியூட்டன் தையல் சோதனையில் அவள் தைத்தது ஒன்றுகூடப் பிரியவில்லை.

ஊசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொம்மைக்குள் ஊசி முனை கிடந்தால் அதைவிடப் பெரிய குற்றம் இந்தத் தொழிலில் இல்லை. அதனால் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, பதிவேட்டில் செலோடேப் போட்டு ஒட்டிய பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் சுற்றியுள்ள சரக்கு முழுவதையும் ஒதுக்கிச் சோதிக்க வேண்டும். நல்ல விதி, நான் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி, இருப்பவளுக்கு ஊசி தேடும் நேரத்துக்குக் காசு கிடையாது. இரவு ஒன்பது மணிக்கு ஒரு பெண் மேசைக்கடியில் தவழ்ந்து, நூலில் கட்டிய காந்தத்தைத் தரையில் இழுத்துக்கொண்டே போனதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கிறிஸ்துமஸுக்குப் போக வேண்டிய சரக்கு கோடையிலேயே கப்பல் ஏற வேண்டும், அதனால் அந்த மாதங்களில் ராத்திரி எது, பகல் எது என்று தெரியாது. சீனச் சட்டப்படி மாதத்துக்கு 36 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் கூடாது. அந்தக் கணக்கை ஒரே வாரத்தில் தீர்த்துவிடும் லைன்களும் உண்டு, டைம் கார்டில் மட்டும் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

என்னையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டிய ஒரு சம்பவம் உண்டு. மூவாயிரம் பீஸ் நாய்க்குட்டி. அந்த அளவுக்குச் சரக்கு இருந்தால், சோதனைக்கு எத்தனை எடுப்பது என்று சொல்லும் அட்டவணைப்படி 125 எடுத்துப் பார்க்க வேண்டும். பெரிய குறைகள் 7 வரை இருந்தால் பாஸ், 8 வந்தால் ஃபெயில். எனக்கு 9 கிடைத்தது, எல்லாம் அக்குளில் தையல் விட்டவை. ஃபெயில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு விடுதிக்குப் போய்த் தூங்கினேன். மறுநாள் காலை மறுசோதனைக்கு வரச் சொன்னார்கள். போனால், மூவாயிரமும் ரெடி. துணிக்கட்டுகளின் மேல் பத்துப் பதினைந்து பெண்கள் செருப்போடு சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். மொழிபெயர்த்துச் சொல்ல என்னோடு வந்த பெண் மெதுவாகச் சொன்னாள், திரும்பத் தைத்ததற்குக் கூலி கிடையாதாம், பிழை அவர்களுடையதாம்.

பிழை அவர்களுடையது இல்லை. வாங்குபவர் கடைசி வாரத்தில் "இன்னும் கொஞ்சம் குண்டாக இருக்கட்டும்" என்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பஞ்சு எடை கூடியது, தையலுக்கு விட்ட ஓரத் துணியின் அளவு மாறவில்லை. அக்குள் தாங்காமல் விட்டது. இதை என் அறிக்கையின் குறிப்பில் எழுதினேன். படிவத்தில் அதற்குத் தனிக் கட்டம் கிடையாது, "இதர" என்று ஒரு வரி இருந்தது. அதற்கு யாரும் பதில் எழுதியதில்லை. அந்த நாய்க்குட்டிகள் இரண்டாவது சோதனையில் பாஸ்.

புதிதாக வரும் இன்ஸ்பெக்டர்களுக்கு நான் முதல் நாள் சொல்வது தாய்லாந்துக் கதை. 1993 மே 10, நக்கோன் பதோம் மாகாணத்தில் கேடர் என்ற பொம்மை ஆலை. உலகப் புகழ்பெற்ற கம்பெனிகளுக்குப் பஞ்சு பொம்மைகளும் பிளாஸ்டிக் பொம்மைகளும் செய்துகொண்டிருந்த இடம். சாயங்காலம் நான்கு மணி வாக்கில் கீழ்த்தளத்தில், துணியும் பிளாஸ்டிக்கும் குவித்து வைத்திருந்த பகுதியில் சின்னதாகத் தீ பிடித்தது. மேலே வேலை நடந்துகொண்டிருந்தது. முதல் கட்டடத்தில் அபாய மணி அடிக்கவே இல்லை என்று தப்பியவர்கள் சொன்னார்கள். நான்கு மாடிக் கட்டடத்தின் இரும்புத் தூண்களுக்குத் தீயைத் தாங்கும் பூச்சு கிடையாது. ஐந்தேகால் மணிக்கு முதல் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 188 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இளம் பெண்கள். மாடியிலிருந்து குதித்துக் கை கால் முறிந்தவர்களையும் சேர்த்துக் காயம்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில். தாய்லாந்தில் மே 10 இன்று தேசியத் தொழிற்பாதுகாப்பு நாள்.

பாலியெஸ்டர் துணி, பாலியெஸ்டர் இழை, அட்டைப்பெட்டி, பாலித்தீன் பை. பொம்மை ஆலையில் எரியாத பொருளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இழை எரியும்போது உருகிச் சொட்டும், கரும்புகை கிளம்பும், கண் தெரியாது. அதனால்தான் படிக்கட்டில் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தால் எனக்குக் கோபம் வரும். அதே வருஷம் நவம்பர் 19, சீனாவின் ஷென்செனில் ஜிலி என்ற பொம்மை ஆலை எரிந்தது. கதவுகள் பூட்டியிருந்தன, ஜன்னல்களில் கம்பி. 80-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். திருட்டுப் போகக் கூடாது என்று பூட்டியவை. அங்கே வேலை பார்த்த பெண்களுக்கு ஊரிலிருந்தும் வேறு ஆலைகளிலிருந்தும் வந்த கடிதங்கள் பிற்பாடு கிடைத்தன. சம்பளம் வந்ததா, அங்கே வேலை எப்படி, இங்கே ஆள் எடுக்கிறார்கள், வருகிறாயா என்ற மாதிரி விசாரிப்புகள்.

அதற்கப்புறம் ஆலைகளில் வேலை நிலைமையைப் பார்க்கும் தணிக்கை வந்தது. பொம்மைத் தொழிலுக்கென்றே 2004-ல் ஐ.சி.டி.ஐ. கேர் என்கிற தணிக்கைத் திட்டமும் தொடங்கியது, பிற்பாடு அதன் பெயர் மாறியது. ஒன்றும் மாறவில்லை என்று சொன்னால் பொய். பூட்டிய கதவை நான் பார்த்தது மிகக் குறைவு, தீயணைப்பான் தொங்குகிறது, வழி காட்டும் பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் பொம்மைக்கு நாங்கள் வைக்கும் பரீட்சையையும் தைப்பவர்களுக்காக வைக்கும் பரீட்சையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணை இழுக்கிறோம், தையலை இழுக்கிறோம், ஊசிக்கு மெட்டல் டிடெக்டரில் ஓட்டுகிறோம், சாயத்தில் ஈயம் இருக்கிறதா என்று லேபில் பார்க்கிறோம், நெருப்பு வைத்து எவ்வளவு வேகமாக எரிகிறது என்றும் பார்க்கிறோம். தைத்தவளுக்கு, வருவதை முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும் ஒருவர், சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, "எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறாய்?" என்று கேட்பார். அவள் என்ன சொல்வாள்?

சரி, வாங்குபவர் என்ன செய்வது? இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு செய்த கைவினைக் கலைஞர்களின் பொம்மைகள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. முத்திரைக்குக் கீழே உரிம எண் இருக்கும். இந்த முத்திரையைத் தரும் அரசு அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அதைத் தட்டினால் செய்த நிறுவனத்தின் பெயரும் முகவரியும் வரும். போலி முத்திரைக்கும் இதுதான் மருந்து. முகவரி தெரிந்தால் உள்ளே நடப்பது தெரிந்துவிடாது. ஆனாலும் கேள்வி கேட்க ஒரு கதவு எண்ணாவது கிடைக்கிறது. பெரிய பிராண்ட் என்றால், எந்த ஆலையில் செய்கிறீர்கள், ஆலைப் பட்டியல் வெளியிடுகிறீர்களா என்று எழுதிக் கேட்கலாம். ஒருவர் கேட்டால் குப்பையில் போடுவார்கள். அதே கேள்வி நிறையப் பேரிடமிருந்து வரும்போது தலைமை அலுவலகத்திலிருந்து எங்களுக்கே மெயில் வருவதைப் பார்த்திருக்கிறேன். கடையில் கையில் எடுத்ததும் கண்ணையும் மூக்கையும் நன்றாகத் திருகி இழுத்துப் பாருங்கள், அக்குளையும் கால் இடுக்கையும் பிரித்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

போன மாதம் என் மகளின் பிறந்தநாளுக்கு யாரோ ஒரு பழுப்புக் கரடி கொடுத்திருந்தார்கள். பழக்கதோஷம், அவள் தூங்கியதும் எடுத்துக் கண்ணை இழுத்துப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. முதுகு முடியை விலக்கித் தையலைத் தேடினேன். விரல் நீளத்துக்கு இருந்தது, கழுத்திலிருந்து கீழே விரலை ஓட்டினேன். முடிச்சு வால் பக்கம் இருந்தது.