விதைப் பையோடு வந்த அந்தச் சின்னப் பொட்டலம்

மரபணு மாற்றப் பயிர் என்றாலே இரண்டு கட்சிதான். ஒன்று நஞ்சு என்கிறது, இன்னொன்று பசிக்கு மருந்து என்கிறது. வேளாண் விரிவாக்கப் பணியில் இருக்கும் நான், காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி மரபணு மாற்றிய பி.டி. பருத்தி போட்டவர்களிடம் முதலில் கேட்டுவந்தது வேறு: "கூடவே கொடுத்த சின்னப் பொட்டலம் எங்கே?" "அதுவா, சாதா விதைதானே சார், போடலை" என்பதுதான் வழக்கமாக வந்த பதில்.

இந்தியாவில் பி.டி. பருத்திக்கு 2002இல் அனுமதி கிடைத்தது. 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதா விதையும் வந்தது. வயலைச் சுற்றி ஐந்து வரிசை அல்லது பரப்பில் 20 சதவீதம், இதில் எது அதிகமோ அவ்வளவு சாதா பருத்தி இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. புழுவுக்கு எதற்குச் சோறு போட வேண்டும்? காரணம் இருக்கிறது. பி.டி. நஞ்சைத் தாங்கிப் பிழைக்கும் அபூர்வமான ஒன்றிரண்டு பூச்சிகள், சாதா செடியில் வளர்ந்த ஏராளமான பூச்சிகளோடு கூடினால், பிறக்கும் புழுக்களில் பெரும்பாலானவை மறுபடி பி.டி. செடியில் சாகும். சாதா செடியே இல்லையென்றால் பிழைத்தது பிழைத்ததோடு கூடும். அப்புறம் மொத்தக் கூட்டமும் தாங்கும்.

நடந்தது அதுதான். ஒரே ஒரு பி.டி. மரபணு வைத்த முதல் தலைமுறைப் பருத்தியை இளஞ்சிவப்புக் காய்ப்புழு குஜராத்தில் தாங்கத் தொடங்கிவிட்டதாக 2010இல் தெரியவந்தது. 2006இல் வந்த, இரண்டு பி.டி. மரபணு வைத்த பருத்தியும் அடுத்த சில ஆண்டுகளில் இந்தப் புழுவிடம் தோற்றது. அதே புழுவை, அமெரிக்காவின் அரிசோனாவில் சாதா பருத்தியை ஒழுங்காக விட்டு, பின்னர் மலட்டு அந்துப்பூச்சிகளையும் பறக்கவிட்டு அடக்கினார்கள். 2018இல் அந்நாட்டுப் பருத்தி வயல்களிலிருந்து அது ஒழிந்ததாக அறிவிப்பே வந்தது.

இதற்காகச் சிறு விவசாயியைத் திட்ட எனக்கு மனம் வராது. ஒன்றரை ஏக்கர்க்காரரிடம் ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விடு என்றால் யார் கேட்பார்? பலன் ஊருக்கு, நஷ்டம் அவருக்கு. விதியைப் போட்டவர்கள் அந்த நஷ்டத்துக்கு வழி சொல்லவில்லை.

எல்லா மரபணு மாற்றப் பயிரும் ஆண்டுதோறும் விதை வாங்க வைக்கும் என்பதும் சரியல்ல. இங்கே பி.டி. பருத்தி பெரும்பாலும் வீரிய ஒட்டாக (இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த விதையாக) வந்ததால், எடுத்து வைத்த விதை ஒரே மாதிரி விளையாது. வங்கதேசத்தில் 2013இல் அனுமதித்த பி.டி. கத்தரியோ ரகமாகவே வந்தது. விதை எடுத்து வைக்கலாம். எனவே கடையில் "வீரிய ஒட்டா, ரகமா?" என்று கேளுங்கள். எந்தப் புழுவுக்கு என்றும் கேளுங்கள், பி.டி. பருத்தி வெள்ளை ஈ, அசுவினி, தத்துப்பூச்சியைத் தடுக்காது.

இளஞ்சிவப்புக் காய்ப்புழு வெளியே தெரியாது. விரியாமல் இதழ்கள் முறுக்கிக்கொண்ட பூ இருந்தால் பிரித்துப் பாருங்கள், உள்ளே புழு இருக்கும். காய் பிடித்ததும் வாரம் ஒருமுறை அங்கங்கே 20 பச்சைக் காய்களைப் பறித்து உடையுங்கள். இரண்டில் உயிருள்ள புழு இருந்தால் மருந்து முடிவை அன்றே எடுங்கள். கடைசிப் பறிப்புக்குப் பிறகு பருத்தி மாரை (காய்ந்த செடித் தண்டுகளை) வரப்பில் குவித்து வைக்காதீர்கள். அடுத்த பருவத்துப் புழு அதில்தான் தூங்கும்.