விமான நிறுவனம் திவாலானால் உங்கள் டிக்கெட் பணம் என்ன ஆகும்?

'விமான நிறுவனங்களுக்கு அரசு உதவி' என்று செய்தி வந்தால் பயணிகள் நிம்மதி அடைய வேண்டாம். 2022-ல் அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டத்தின் உச்சவரம்பை ஒரு விமான நிறுவனத்துக்கு 1,500 கோடி ரூபாயாக உயர்த்தினார்கள். நிறுவனம் கடனைக் கட்டாவிட்டால் வங்கிக்கு அரசு ஈடு செய்யும். பயணிக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் என்ற விமான நிறுவனம் தன் விமானங்களை நிறுத்திவிட்டுத் தானே திவால் மனு போட்டது. மே 10 அன்று தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அதை ஏற்றது. ஏற்ற நாளிலிருந்து திவால் சட்டத்தின் 14-வது பிரிவுப்படி தடைக்காலம். அதாவது, நுகர்வோர் ஆணையத்தில் நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கும் நகராது. விமானம் ரத்தானால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்ற விதி அப்படியேதான் இருக்கிறது, கொடுக்கத்தான் ஆளில்லை. ஏஜென்ட் நிறுவனத்தைக் கைகாட்டுவார், நிறுவனம் தீர்வு அதிகாரியைக் கைகாட்டும் (திவால் நடக்கும்போது நிறுவனத்தைப் பொறுப்பேற்று, பாக்கிக்காரர்களின் கோரிக்கைகளை வாங்குபவர்).

கார்டில் கட்டியிருந்தால் முதலில் வங்கிக்குப் போங்கள். "ஏர்லைன்ஸ்கிட்ட கேளுங்க சார்" என்று அனுப்பப் பார்ப்பார்கள். நகராதீர்கள். 'சேவை கிடைக்கவில்லை, சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறுவது) வேண்டும்' என்று எழுதிக் கொடுத்துப் புகார் எண்ணை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சார்ஜ்பேக்குக்குக் காலக்கெடு உண்டு. கோ ஃபர்ஸ்ட் ரத்துத் தேதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நீட்டிக்கொண்டே போனது. 'அடுத்த வாரம் பறக்கும்' என்பதை நம்பி உட்கார்ந்திருந்தால் கெடு போய்விடும். பணத்துக்குப் பதில் 'கிரெடிட் ஷெல்' (அதே நிறுவனத்தில் பின்னால் டிக்கெட் எடுக்க மட்டும் உதவும் வரவு) தருகிறோம் என்றாலும் தள்ளாடும் நிறுவனத்திடம் வாங்காதீர்கள்.

கார்டு வழி அடைபட்டால் தீர்வு அதிகாரியிடம் கிளெய்ம் போட வேண்டும். பொது அறிவிப்பில் கெடு தேதி இருக்கும், பெரும்பாலும் 14 நாள்தான். தாமதமானாலும் போட்டுப் பாருங்கள். திவால் தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 90 நாள் வரை ஏற்க விதியில் இடமுண்டு. பி.என்.ஆர், பணம் கட்டிய வங்கி அறிக்கை இரண்டும் கட்டாயம் சேருங்கள். மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: ஏஜென்ட் தன் கணக்கிலிருந்து கட்டியிருந்தால் பணம் கட்டியவர் அவர் என்று ஆகிவிடும். அவரிடம் ரசீதும் கடிதமும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

முழுப் பணமும் வரும் என்று எண்ண வேண்டாம். 2025 ஜனவரியில் கோ ஃபர்ஸ்டைக் கலைக்க, அதாவது சொத்தை விற்றுக் கடனடைத்து மூட, உத்தரவு வந்தது. கலைப்பில் செலவு, அடமானக் கடன், தொழிலாளர் பாக்கி, அரசு பாக்கி எல்லாம் போன பிறகுதான் பயணியின் முறை. ஆனால் கிளெய்ம் போடாதவருக்கு அந்த வரிசையிலும் இடமில்லை.

அப்புறம், கிளெய்முக்குக் கட்டணம் கிடையாது. 'ரீஃபண்ட் பிராசஸிங்' என்று பணமோ ஓ.டி.பி.யோ கேட்டு யார் அழைத்தாலும் போனை வைத்துவிடுங்கள்.