பையில் எத்தனை டிஸ்க்?

"ஏனுங்க, பத்துப் பன்னெண்டாவது வேணுமில்லீங்களா?" தட்டு போன்ற டிஸ்க்கை வீசி, குறைந்த வீச்சில் சங்கிலிக் கூடையில் விழவைக்கும் ஆட்டம் டிஸ்க் கோல்ஃப். அதைப் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். மூன்று போதும். அதில் இரண்டு ஒரே மாதிரியான பட்டர், அதாவது கூடைக்குப் பக்கத்திலிருந்து வீசுவது. மூன்றாவது ஒரு மிட்ரேஞ்ச், அதாவது நடுத்தர தூரத்துக்கு வீசுவது. நெடுந்தூரத்துக்கு வீசும் டிரைவர் முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம்.

விதியில் இதற்கு வரம்பு கிடையாது. கோல்ஃபில் ஒரு சுற்றுக்கு 14 மட்டைக்கு மேல் எடுத்துப் போகக் கூடாது. டிஸ்க் கோல்ஃபில் எத்தனை டிஸ்க் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். போட்டியாளர்கள் இருபதுக்கு மேல் தூக்கி வருவதை வீடியோவில் பார்த்துவிட்டு நாமும் வாங்குகிறோம். ஆனால் அவர்கள் 400 அடி வீசும் கைகாரர்கள். 200 அடியைத் தாண்டாத கைக்கு டிரைவரும் மிட்ரேஞ்சும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் விழும்.

காரணம் டிஸ்க்கின் விளிம்பில் இருக்கிறது. பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு நான்கு எண்கள் தருவார்கள்: ஸ்பீடு (வேண்டிய வேகம்), கிளைடு (மிதக்கும் திறன்), டர்ன் (வலக்கை பேக்ஹேண்டில் முதலில் வலப்பக்கம் திரும்பும் குணம்), ஃபேட் (கடைசியில் இடப்பக்கம் வளையும் குணம்). பேக்ஹேண்ட் என்பது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய், புறங்கை முன்னே வர வீசுவது. ஸ்பீடு 12, 13 என்றால் விளிம்பு அகலமாகவும் கூராகவும் இருக்கும். அது சொன்னபடி பறக்க வேண்டுமானால் அந்த வேகத்தில் கையை விட்டுக் கிளம்ப வேண்டும். வேகம் போதாதபோது, வலக்கைக்காரர் பேக்ஹேண்டில் வீசியது பாதி வழியிலேயே இடப்பக்கம் வளைந்து தரையைக் குத்தும். பழகுகிறவர் டிஸ்க் சரியில்லை என்று நினைத்து இன்னொரு டிரைவர் வாங்குகிறார். பை இப்படித்தான் வீங்குகிறது. ஸ்பீடு 5 மிட்ரேஞ்ச் அதே கையில் நேராகப் போகும், பல நேரம் அதே தூரமும் போகும்.

ஏற்கெனவே ஏழெட்டு வாங்கிவிட்டவர்கள் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். காற்று எழும்பும் முன், காலை 7 மணிக்குள் மைதானத்துக்குப் போங்கள். திருப்பூர்ப் பக்கம் பனியன் வேஸ்ட் துணிக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு நிறத் துணியை ஐந்து குச்சிகளில் கட்டிக்கொள்ளுங்கள். ஒரே கோட்டில் நின்று, ஒவ்வொன்றையும் ஐந்து தடவை முழு வீச்சாக வீசி, விழுந்த இடத்தில் குச்சியை நடுங்கள். ஒவ்வொன்றிலும் மிக நல்ல வீச்சையும் மிக மோசமான வீச்சையும் கணக்கில் சேர்க்காதீர்கள். சிவப்பும் மஞ்சளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து நிற்கிறதா? அந்த இரண்டில் ஒன்று வீட்டில் இருக்கட்டும். தனியாக ஓரிடத்தில் கூடி நிற்கும் நிறம் மட்டுமே பையில் இடம்பெறத் தகுந்தது. ஒரே நிறம் மைதானம் முழுக்கச் சிதறிக் கிடந்தால், அந்த டிஸ்க் உங்கள் கைக்கு இன்னும் அடங்கவில்லை.

நான்காவது டிஸ்க்குக்கு இங்கே நியாயமான காரணம் ஒன்று உண்டு, காற்று. வைகாசியிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றுக்காகத்தான் பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. எதிர்க்காற்றில் டிஸ்க் மேல் மோதும் காற்றின் வேகம் கூடுகிறது. அதனால் வலக்கை பேக்ஹேண்ட் வீச்சு வலப்பக்கம் கவிழும். டர்ன் 0, ஃபேட் 3 என்ற அளவில், எளிதில் வலப்பக்கம் கவிழாத ஒரு டிஸ்க் அந்த மாதங்களில் கட்டாயம் வேண்டும். மற்ற மாதங்களில் அதை எடுத்துவிடலாம்.

தென்னந்தோப்பில் பழகுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. சங்கிலிக் கூடை வரும் முன்பு மரமும் விளக்குக் கம்பமும்தான் இலக்காக இருந்தன, ஆகவே தென்னை மரத்தைக் குறிவைத்து ஆடுவதில் குறையில்லை. ஆனால் மரத்தில் அடிபட அடிபட டிஸ்க்கின் விளிம்பு தேய்ந்து, வலப்பக்கம் திரும்பும் குணம் கூடும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். அதே மாடலில் புதிதாக ஒன்று வாங்கினால், பழசும் புதுசும் இரண்டு வேலை செய்யும்.

எடையையும் பாருங்கள். ஒரு டிஸ்க் சுமார் 175 கிராம். இருபது என்றால் 3.5 கிலோ. பத்தைக் குறைத்தால் 1.75 கிலோ மிச்சம். அந்த இடத்தில் ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீர் ஏறும். சித்திரை வெயிலில் 18 கூடை நடந்து முடிக்க அந்தத் தண்ணீர்தான் தேவை. சிறுவர்களுக்கு 150 கிராம் அளவில் இரண்டே டிஸ்க் கொடுங்கள்.

உதிரியாக எதை வைப்பது? பட்டரை. சுற்றில் அதிகம் கைக்கு வருவது அதுதான். நிறம் ஆரஞ்சு அல்லது ரோஸ். பச்சை வாங்கினால் சோளக்காட்டில் தேடிக்கொண்டே நிற்பீர்கள். விதிப்படி மூன்று நிமிடத்துக்குள் கிடைக்கவில்லை என்றால் தொலைந்ததாகக் கணக்கு, ஒரு வீச்சு அபராதம். வேலிமுள்ளுக்குள் போனதைக் கையை விட்டு எடுக்காதீர்கள். தொரட்டியால் இழுங்கள், அதற்கு முன் புதரைத் தட்டுங்கள், பாம்பு இருக்கலாம். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் விழுந்ததை மறந்துவிடுங்கள். பெரும்பாலான டிஸ்க் மூழ்கிவிடும், கரை வழுக்கும், உள்ளே இழுப்பு பலமாக இருக்கும். பிள்ளைகளுக்கு இதை ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். விழுந்த பிறகு சொன்னால் அதற்குள் ஒருவன் இறங்கியிருப்பான்.