மூன்று மாதம் பழகிய கிறீம் திடீரெனக் கடிப்பது ஏன்?

வெள்ளவத்தையில் ஒரு பாமசிக்குள் நின்று பாருங்கள், கிறீம் வாங்க வருகிறவர்கள் முதலில் மூடியைத் திறந்து மணந்துதான் பார்ப்பார்கள். லாவெண்டரோ கறுவாவோ மணந்து, போத்தலில் 'இயற்கை' என்றும் எழுதியிருந்தால் சரி, விலையைக்கூடப் பார்ப்பதில்லை. அந்த வாசத்தில் பெரும்பகுதி, பூச்சியையும் பூஞ்சணத்தையும் விரட்டச் செடி வைத்திருக்கிற ஆயுதம்.

வாசனை மூலக்கூறுகள் மிகச் சிறியவை, கொழுப்பில் கரைபவை, அதனால் தோலின் மேற்படையைத் தாண்டுவது அவற்றுக்குச் சுலபம். கறுவாப்பட்டை எண்ணெயில் உள்ள சின்னமால்டிஹைட் உள்ளே போய்ப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, தோலில் காவல் நிற்கிற லாங்கர்ஹான்ஸ் கலங்கள் அதை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய், உடம்பின் எதிர்ப்புப் படையான டி கலங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒருநாள் வழக்கம்போலப் பூசுவீர்கள், ஒன்றிரண்டு நாளில் சிவந்து, தடித்து, கடிக்கத் தொடங்கும். "இவ்வளவு நாளும் இதைத்தானே பூசினேன்" என்று சொல்லிப் பயனில்லை, அந்த நாட்களில்தான் உடம்பு அதைப் படித்தது. படித்ததை எளிதில் மறக்கவும் மாட்டாது. இதுதான் ஒவ்வாமை.

இன்னொரு சிக்கல் பழைய போத்தல். லாவெண்டரின் லினலூல், தோடம்பழத் தோலின் லிமொனீன் இரண்டும் புதிதாக இருக்கும்போது பெரிய தொந்தரவு தருவதில்லை. காற்றுப் பட்டால் ஹைட்ரோபெராக்சைட்டாக மாறுகின்றன, ஒவ்வாமையை அதிகம் கிளப்புவது அதுதான். கொழும்புச் சூட்டில், குளியலறை யன்னலோரம், பாதி காலியாகி, மூடியும் சரியாகப் பூட்டாமல் கிடக்கிற போத்தலுக்குள் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

தேசிக்காய் விஷயம் வேறு. அதன் தோலிலுள்ள பெர்காப்டென் வெயிலின் யூவிஏ கதிர் பட்டதும் தோலைச் சுட்டுவிடும், இதற்கு ஒவ்வாமையே தேவையில்லை. தேசிக்காயை முகத்தில் தேய்த்துவிட்டு காலிமுகத்திடலில் நடந்தால் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கலாம். 'முகம் வெளுக்கும்' என்று இதைச் சொல்லித்தருகிறவர்களை என்ன செய்வது!

ஐரோப்பிய ஒன்றியத்தில், பூசிவிட்டுக் கழுவாத கிறீமில் 0.001 வீதத்துக்கு மேல் இருந்தால் பெயர் போட வேண்டிய வாசனைப் பொருட்கள் முன்பு 26, 2023இல் வந்த சட்டத்தோடு 80ஐத் தாண்டிவிட்டன. லேபிளில் லினலூல், ஜெரானியோல், யூஜினோல் என்று தேடுங்கள். 'அன்சென்டட்' (மணம் இல்லாதது) என்றிருந்தால் நம்ப வேண்டாம், ஒரு மணத்தை மறைக்க இன்னொரு மணத்தைப் போட்டிருக்கக்கூடும். 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ' (வாசனைப் பொருள் சேர்க்காதது) என்பதே வேண்டும். புதுக் கிறீமை முகத்துக்குப் போடுமுன் முழங்கையின் உட்பக்கத்தில் நாளுக்கு இருமுறை, ஒரு வாரம் பூசிப் பாருங்கள். ஒருநாள் பூசிவிட்டு 'ஒன்றும் ஆகவில்லை' என்றால் அது கணக்கில்லை.