புதரைத்தானே எடுத்தோம் என்கிறீர்கள்

கும்பாபிஷேகத்துக்குத் தேதி குறித்ததும் கோயில்காட்டுக்குள் ஜேசிபி இறங்குவது வழக்கமாகிவிட்டது. கேட்டால் எல்லா ஊரிலும் ஒரே பதில்: "ஒரு மரத்தையும் வெட்டலைங்க, புதரைத்தான் எடுத்தோம்."

அந்தப் புதர்தான் ஐயா காடு. விழுப்புரம் கடலோரக் கோயில்காடுகளில் உள்ள வீரை, காசான், கருங்காலி எல்லாம் மிக மெதுவாக வளர்பவை. முழங்கால் உயரத்தில் நிற்கும் 'குச்சி' பல வருடக் கன்றாக இருக்கும். அதை வழித்தெடுத்துவிட்டால் பெரிய மரம் சாயும் அன்று அந்த இடத்துக்கு வர ஆளில்லை. தடித்த கொடிகளும் அப்படித்தான். அவற்றை அறுத்தால் வெயில் தரையைத் தொடும். அடுத்த மழைக்கு உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் உள்ளே வந்துவிடும். அதை எடுக்க மறுபடி ஜேசிபி!

செய்பவர்களுக்குப் பக்தி குறைவு என்று சொல்லவில்லை. தாத்தாவுக்குச் சாமி காட்டில் சுள்ளி ஒடிக்காமல் இருப்பது மரியாதை. நன்கொடை தரும் பேரனுக்கு டைல்ஸும் மதிலும் ஹைமாஸ்ட் விளக்கும் மரியாதை. தாத்தாவுக்குக் காடாகத் தெரிந்தது பேரனுக்குக் குப்பையாகத் தெரிகிறது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. யாரும் போய் வகுப்பெடுத்து வந்த பழக்கமில்லை அது. (காடு காக்கப் பேசப்போகும் நம் துறையினருக்கு: ஊர்க்கூட்டத்தில் 'கார்பன்' என்று ஆரம்பிக்காதீர்கள். ஐயனார் குதிரை ஓடும் இடத்தில் சிமெண்ட் போடலாமா என்று பெரியவர்களையே கேட்கவிடுங்கள்.)

திருப்பணி அவசியம்தான் என்றால் கத்தி, மண்வெட்டி போதும். இரண்டு பேர் நடக்கும் அகலத்துக்கு ஒரே பாதை. சருகைக் கூட்டி எரிக்காதீர்கள். மரத்தடியில் மேடை கட்டினால் ஈரம் தேங்கி அடிப்பட்டை அழுகும். பொங்கல் அடுப்பு காட்டுக்கு வெளியே, வெட்டவெளியில். திருவிழா இரவுகளில் மட்டும் விளக்கு எரியட்டும். சீமைக்கருவேலத்தைத் தாராளமாக எடுங்கள், ஆனால் தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்தோடு தோண்டி. தரைமட்டத்தில் வெட்டினால் கட்டை தழைத்துவிடும். ஈடாக மரம் நடுகிறோம் என்று வெளிநாட்டுக் குல்மோகர் கன்றுகளை லாரியில் இறக்கவே வேண்டாம்.

திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோவில் காடு, ஐந்து ஹெக்டேர்கூட இல்லை. 2025இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, அதாவது உயிரின வளத்துக்காக அரசு அறிவித்துக் காக்கும் இடமாக, அறிவிக்கப்பட்டது. உங்கள் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் உங்கள் காட்டுக்கும் இப்படி ஓர் அறிவிப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். தயவுசெய்து தேதி குறிக்கும் முன்பே கேளுங்கள். ஜேசிபிக்கு வாடகை கொடுத்த பிறகு கூப்பிட்டால், வந்து பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது.